சிவப்புப் பென்சிலும் பாதித் தோலும்

ஆலோசனை சொல்வது எனக்கு ஒரு வியாதி. அதற்கு ஒரே மருந்து கரண்ட் ஷாக்தான் என்பதை எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் கண்டுபிடித்தேன். (முழுசாகக் குணமாகவில்லை என்பது வேறு விஷயம்.)

அப்போது எங்களுக்கு ஒரு ரேடியோ சங்கம் இருந்தது. ஞாயிறு மதியம் சைக்கிள் கடை மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பழைய ரேடியோக்களைப் பிரிப்போம். (திரும்ப மாட்டியது கம்மி.) மேசைக் காலில் சணலால் கட்டிய நீள நோட்டு ஒன்று உண்டு. சந்தேகம் உள்ளவர் அதில் கேள்வி எழுதுவார். தெரிந்தவர் பதில் எழுதுவார். தெரியாத நான் எல்லாவற்றுக்கும் எழுதுவேன்.

ஒரே ஒரு சட்டம்தான். கரண்ட் சம்பந்தப்பட்ட பதில் எதுவானாலும் காதர் பாய் படித்துச் சிவப்புப் பென்சிலில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செல்லும். பாய் ஒரு தோல் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். அதே கம்பெனி ஆபீசில் நான் குமாஸ்தா.

மாதனூர் ஏகாம்பரம் வாத்தியார் ஒருநாள் கேட்டிருந்தார்: "வால்வு ரேடியோவின் அடித்தகட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எதன்மேல் நின்று பழுது பார்ப்பது?"

நான் எழுதினேன்: "நம்ம ஊர்த் தோல் இருக்க ரப்பர் எதற்கு? தோலில் கரண்ட் பாயாது. ஒரு துண்டு விரித்து வெறுங்காலோடு நிற்கவும்." (அந்த 'வெறுங்காலோடு' எதற்கு என்று இன்றுவரை தெரியாது. எழுதும்போது அழகாக இருந்தது.)

பாய் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே, "தோலில் உப்பு உண்டு, ஈரம் உண்டு. கூடாது. ரேடியோவை இங்கே கொண்டு வரவும்."

"இன்னா பாய், தோலைப் பத்தி எங்கிட்டயேவா?"

"நீ பேப்பர்ல பாக்குற தோல்பா. நான் தெனம் மிதிக்கிறது."

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் கம்பெனியில் உப்புத் தடவி வைத்திருந்த ஒரு பச்சைத் தோலைக் கேட்டு வாங்கி இரண்டாக வெட்டினேன். பாதியைப் பேப்பரில் சுற்றி, பஸ் ஸ்டாண்டில் வாத்தியார் கையில் திணித்தேன். "பாய் பயந்த சுபாவம் சார். நீங்க தைரியமா நில்லுங்க."

"ஞாயித்துக்கிழமைதான் எனக்கு லீவு" என்றார் அவர்.

அந்த ஞாயிறு பாய் வருமுன் சங்கத்தில் மீதிப் பாதியை விரித்து, வெறுங்காலோடு ஏறி நின்றேன். "பாத்துக்குங்கப்பா!" என்று, மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வால்வு ரேடியோவின் அடித்தகட்டைத் தொட்டேன்.

மேற்கொண்டு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எந்த ஸ்டேஷனிலும் வராத ஒரு சத்தம் போட்டேனாம். பின்பக்கமாகப் பறந்துபோய் ஒரு ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்தேனாம். (ஸ்பீக்கர் அப்புறம் பேசவே இல்லை.)

படியேறி வந்த பாய், சுவிட்சை அணைத்தார், நாடி பார்த்தார், தண்ணீர் கொடுத்தார். கீழே கிடந்த தோலை எடுத்துப் புரட்டினார். ஒரு ஓரம் மட்டும் நேராக, புதிதாக வெட்டுப்பட்டிருந்தது.

"இது பாதி. மீதி எங்க?"

இரண்டாவது ஷாக் அப்போதுதான் அடித்தது. "வாத்தியார்கிட்ட, பாய்... இன்னிக்குத்தான்..."

பாய் சைக்கிளை மிதித்தார். நான் கேரியரில்.

"அவருக்கு ரெண்டு பொண்ணுங்க பாய்."

"பேசாத. மேடு வருது, எறங்கித் தள்ளு."

மாதனூர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே ரேடியோ வயிறு பிளந்து கிடந்தது. அதன் முன்னால் வாத்தியார் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார்!" என்று கத்தினேன்.

திரும்பினார். "வாங்க, வாங்க! தோலு வந்துச்சு, பாயோட செவப்புக் கையெழுத்து வரலையே. அதான் இன்னும் தொடல. இதுல போட்டுக் குடுங்க பாய்" என்று தோல் சுற்றிவந்த பேப்பரை நீட்டினார். தோலை எங்கே என்று தேடினால், கொல்லையில் அவர் வீட்டு நாய் ஏற்கெனவே முக்கால்வாசி தின்றிருந்தது.

பாய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா, கண்ணீரா, நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நோட்டில், அடிக்கப்பட்ட என் பதிலுக்குக் கீழே சிவப்பில் புது வரி: "சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதித்தவர் உயிரோடு இருக்கிறார். மற்றவர்கள் முயல வேண்டாம். – காதர்."

இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரமே என் மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். இன்றும் வீட்டில் நான் யாருக்காவது ஏதாவது யோசனை சொன்னால் போதும், கத்தரிக்காய் வாங்குவதைப் பற்றியானாலும் சரி, சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்:

"வெறுங்காலோடவா?"