இரவல் முழங்கால்

"இடது முழங்காலை மட்டும் எடுத்துடும்மா" என்றான் மகன். "மத்ததெல்லாம் இருக்கட்டும்."

டைப்பிங் அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துப் பதினைந்து வருடமாக விண்ணப்பம் அடித்துக் கொடுப்பவள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், படிப்பு முடிந்ததும் ஏன் திரும்பி வருவார்கள் என்று விசா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

எல்லாம் ஒரே ஒரு பத்தியின் மகிமை. பதினோரு வருடத்துக்கு முன்னால் தடிக் கண்ணாடி போட்ட ஒரு பெண், "திரும்பி வர்றதுக்கு எனக்குன்னு யாருமில்லையே, என்ன எழுதுறது?" என்று கடையிலேயே அழுதாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, என் முழங்காலை வச்சுக்கோ" என்று அடித்துக் கொடுத்தாள்: 'அம்மா தனியாக இருக்கிறாள். இடது முழங்காலில் வலி. மாடிப்படி ஏற என் தோள் வேண்டும். ஆகவே வந்துவிடுவேன்.'

விசா கிடைத்தது. அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் முழங்காலை இரவல் கொடுத்தாள். அந்தப் பெண்ணோடு சேர்த்து நாற்பது பேர்.

நாற்பதாவது ஆளின் விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்தது. 'இவ்வூர்த் தாய்மார் அனைவருக்கும் ஒரே காலில் வலி வருவது எப்படி?' என்று கேட்டிருந்தார்கள். இப்போது அக்காவின் மகன் முறை. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அவனுடைய சீட் இன்னொருவனுக்கு.

"வலது காலுக்கு மாத்திடறேன்" என்றாள் அக்கா.

விண்ணப்பத்தோடு வைக்க வாங்கியிருந்த டாக்டர் சான்றிதழில் இடது என்று இருந்தது. அவரிடம் போனார்கள். "வலி வேணும்னா கால் மாறும்மா, என் கையெழுத்து மாறாது" என்றார். போதாக்குறைக்கு, 'எந்தக் கால் என்பதில் நோயாளிக்கே தெளிவில்லை' என்று சீட்டில் எழுதியும் வைத்தார்.

முழங்காலை விட்டுவிட்டு, 'திரும்பி வந்து அம்மாவின் கடையை நடத்துவேன்' என்று அடித்தாள்.

"கடல்வாழ் உயிரினம் படிச்சுட்டு டைப்பிங் கடையா? மீனுக்கா விண்ணப்பம் அடிக்கப் போறேன்?"

'எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது' என்று மாற்றினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பக்கத்துக் கடைக்காரர் அதைத் திரையில் பார்த்துவிட்டார். சாயங்காலம் மகனின் பெரியம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவ நான் செத்தா போயிட்டேன்? சொல்லாமகொள்ளாம நிச்சயமா?" அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் வியாழக்கிழமை தீர்ந்துவிட்டது.

வெள்ளி காலை மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் போயிட்டா நீ தனியாத்தானே இருக்கப் போற?"

"ஆமா."

"வலி இடது கால்லதானே?"

"ஆமாடா. இனிமே எவன் நம்புவான்?"

"நம்பாட்டி போகட்டும். உள்ளதை எழுதும்மா."

நாற்பது தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்த பத்தி. இந்தத் தடவை மூன்று இடத்தில் தப்பு விழுந்தது. திருத்தி அனுப்பினாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தபோது அக்கா ஸ்டூல் மேல் ஏறிப் பேப்பர் கட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விசா அலுவலகத்திலேர்ந்து பேசறேன். பையனோட அம்மாவா? உங்க முழங்கால் எப்படி இருக்கு மேடம்?"

ஸ்டூலில் நின்றுகொண்டு என்ன பதில் சொல்வது. முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கி உட்கார்ந்தாள்.

"வலிக்குதும்மா. இது நிஜம். இதுக்கு முன்னாடி நாப்பது பேருக்கு எழுதிக் கொடுத்தேனே, அதுதான் பொய். அந்தப் பாவத்தை என் தலையில போடுங்க, பையனைத் தள்ளிடாதீங்க."

மறுமுனையில் ஒரு முத்திரை 'டொப்' என்று விழும் சத்தம் கேட்டது.

"முப்பத்தொம்பதுன்னு திருத்திக்குங்கக்கா" என்றது அந்தக் குரல். "கண்ணாடிக்காரி நான் திரும்பி வந்துட்டேன்ல."