ரம்ப மெஷினுக்கு எண்ணெய்க் குளியல்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மறதி வேறு, முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். பேசக் கூச்சப்படுகிறவளின் கை சும்மா இருக்காது.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அந்த மனையில் ஒரு பலா மரம். பெரும்புயலில் சாய்ந்தும் பாதி வேர் மண்ணில் இருந்ததால் சாகாமல் கிடந்தது. அதை அறுத்துத்தான் தலைவாசலுக்கு நிலை செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பண்ருட்டி மர மில்களில் புயலில் விழுந்த மரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. "நாமளே மெஷின் வாங்கி அறுத்துக்கலாம்" என்றார்.

கடையில் சின்னதும் பெரிதுமாக ரம்ப மெஷின்கள். இரண்டு இரும்புச் சட்டம் தண்டவாளம் மாதிரி. அதன்மேல் நகரும் எஞ்சின். இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் ரம்பப் பட்டை. அவ்வளவுதான். மரம் எவ்வளவு பருமன் என்று கடைக்காரர் கேட்டார். இவர் இரண்டு கையையும் வளைத்து, கட்டிப்பிடிப்பது போலக் காட்டினார். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா என்னா சொல்றாங்க?" என்றார். (புடவைக் கடை தவிர வேறெங்கும் என்னை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.) அழுக்குத் தெரியாதே என்று பச்சை நிறத்தில் இருந்ததைக் காட்டினேன். இருந்ததிலேயே சின்னது அதுதான். அதையே வாங்கினார்.

இப்படித் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் ஆனி மாதமே முடிகிற நிலை. மரம் அறுக்க ஆரம்பித்த நாளுக்கு மறுநாள் காலையே நிலை நிறுத்த வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும். வீட்டு வேலை நின்றுபோகும். குவார்ட்டர்ஸிலிருந்து பெட்டி படுக்கையோடு எங்கே போவது?

அன்று வேடிக்கை பார்க்க என் மருமகளின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெஷின் நன்றாகத்தான் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் முனகிக்கொண்டு நின்றது.

"எல்லாம் பலாப் பாலு சார்" என்றார் நிலை செய்ய வந்திருந்த தச்சு ஆசாரி. "மரத்துப் பாலும் தூளும் பட்டையில பசையா ஒட்டிக்கினு இருக்குது. பச்ச மரம் வேணாம்னு அப்பவே சொன்னேன்."

"மைன்ஸ்ல பாக்காத மெஷினா? டீசல் போட்டுத் தொடச்சா போவுது" என்று இவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு டீசல் வாங்கப் போனார். ஆசாரியும் சம்பந்தியும் டீ குடிக்கப் போனார்கள்.

நானும் மெஷினும் தனியாக இருந்தோம். எனக்குச் சிரிப்பாக வந்தது. பலாப் பாலுக்கு டீசலா? கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அறுப்பவள் எங்கள் பக்கத்தில் உண்டா? மேஸ்திரி ஆட்களுக்குச் சமைக்க வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து, மெஷின் மூடியைத் திறந்து, பட்டை முழுக்கத் தடவினேன். சக்கரம் இரண்டுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கிடந்தது. பாவம் என்று அதற்கும் தாராளமாக ஊற்றி, மூடியை மூடினேன்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். பட்டை பளபளப்பதைப் பார்த்து, ஆசாரி துடைத்துவிட்டார் என்று இவர் நினைத்துக்கொண்டார். எஞ்சினை முடுக்கினார்.

தூள் வெளியே கொட்டும் வாய் சம்பந்தியைப் பார்த்தபடி இருந்தது. முதலில் எண்ணெய் போனது. பின்னாலேயே மரத்தூள் போய் ஒட்டியது. உள்ளே 'டங்' என்று பட்டை கழன்றது. எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மஞ்சள் உப்புமாவில் புரட்டி எடுத்தது போலச் சம்பந்தி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆசாரி அவர் தோளில் விரலை வைத்து முகர்ந்தார். "நல்லெண்ண. செக்குல ஆட்டுனது."

சம்பந்தி முகத்தை வழித்துக்கொண்டு, "புதன், சனின்னா பரவாயில்ல. இன்னிக்கி வியாழக்கெழம. ஆம்பள எண்ண தேய்ச்சிக்கிற நாளா சம்பந்தி இது?" என்றார்.

இவர் மெதுவாகத் திரும்பினார். எண்ணெய்ப் பாத்திரம் என் கையில்தான் இருந்தது.

"நீயா புள்ள?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பட்டைய மாட்டிப்புடலாம். ரப்பர்ல எண்ண ஊறிக்கினு இருக்குது. மாட்ட மாட்ட வழுக்கும். நாளைக்கி நெல அவ்ளோதான்" என்று ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

இவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மலை போன்ற மெஷினை ஓட்டியவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை ஆம்பளைகள் முன்னால் முதன்முதலாக வாயைத் திறந்தேன்.

"சீயக்கா போட்டா போவும்."

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு இக்கட்டு. அப்போதுதான் வந்து சேர்ந்த மருமகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய்ச் சீயக்காய் டப்பாவோடு வந்தாள். பட்டையைக் கழற்றி, சக்கரங்களையும் கழற்றி, பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுவது போல வெந்நீர் வைத்துச் சீயக்காய் தேய்த்து அலசினோம். சம்பந்தியும் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிச்சச் சீயக்காயைத் தலையில் தேய்த்துக்கொண்டார். வெயிலில் காயவைத்து மாட்டியதும் மெஷின் ஓடியது. இருட்டுவதற்குள் அறுத்து முடித்தார்கள். மறுநாள் நல்ல நேரத்தில் நிலை நின்றது. நிலையின் ஒரு கால் மட்டும் லேசாகத் தொந்தி போட்டிருக்கிறது. கதவை இடுப்பால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று எது வந்தாலும் மருமகள் பிளக்கில் மாட்ட விடமாட்டாள். "இருங்க, அத்த மொதல்ல தலைக்கி ஊத்தட்டும்" என்பாள்.

அன்று வியாழனா, செவ்வாயா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சக்கரத்தில் இருந்தது ரப்பர்தானா என்றும் மெஷின் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவர் ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்.