கெண்டையும் விட்டமின் தெள்ளும்

"தின்னுட்டியா? எல்லாத்தையுமா?"

குளியல் தொட்டிக்குள் குனிந்து கேட்டார் ஒதாகர். கெண்டை வாயைத் திறந்தது, மூடியது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள். வருஷா வருஷம் போல பண்டிகை விருந்துக்கு விடியற்காலையிலேயே உயிர்க் கெண்டை வாங்கிவந்து தொட்டியில் விட்டுவிட்டு, ட்ராம் ஓட்டக் கிளம்பிவிட்டாள் மனைவி லிபுஷே. அந்தத் தொட்டியில்தான் ஒதாகரின் நீர்த்தெள்ளுகள் இருந்தன. மீன் குஞ்சுகளுக்குத் தீனியாகும், கடுகைவிடப் பொடிப் பூச்சிகள். ஈஸ்டும் விட்டமின் சொட்டும் தின்று சிவக்கச் சிவக்கக் கொழுத்தவை. இப்போது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஒரு தெள்ளுகூட இல்லை.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருநூறு ஏஞ்சல் மீன் குஞ்சுகள் பசியோடு காத்திருந்தன. உயிருள்ள தீனி தவிர எதையும் தொடாத ஜாதி. போன இரண்டு தடவையும் ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை.

லிபுஷேவுக்குப் போன் அடித்தார். வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள்.

முட்டையை வேகவைத்து மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்தார். குஞ்சுகள் சீண்டவில்லை, தண்ணீர்தான் மோராகியது. பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினார். டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீர்! குஞ்சுகள் மூலையில் ஒண்டி நடுங்கின. இன்னொரு ஹீட்டரைச் செருகினார். ஃபியூஸ் போயிற்று. அதைச் சரிசெய்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு குஞ்சுகள் அடியில் சாய்ந்து கிடந்தன.

இனி மாடிவீட்டு ஹினெக்தான் கதி. மீன் சங்கத்தில் பத்து வருஷப் போட்டியாளர்.

"என்னய்யா, விட்டமின் திங்கிற மீனுக்கு ஜலதோஷமா?" என்றார் ஹினெக், கதவைத் திறந்ததுமே.

"ஒரு குவளை தெள்ளு குடு ஹினெக். கெண்டை என்னோடதைக் காலி பண்ணிடுச்சு."

ஹினெக்கின் புருவம் ஏறியது. "கெண்டையா? அடப் பாவமே! ஆனா எங்க வீட்டுத் தெள்ளுக்கு விட்டமின் கெடையாதேய்யா?"

"பரவால்ல, குடு!"

"குஞ்சு பொழச்சா மாடிப்படியில நின்னு சொல்லணும். ஹினெக் தீனிதான் ஒசத்தி, விட்டமின் எல்லாம் புருடான்னு."

"சொல்றேன்யா! சீக்கிரம்!"

உள்ளே போன ஹினெக், உதட்டைக் கடித்துக்கொண்டு குவளையோடு வந்தார்.

ஊற்றியதுதான் தாமதம், மூலையில் ஒண்டியவை பாய்ந்தன. சாய்ந்து கிடந்த இரண்டும் நிமிர்ந்தன. அரை மணியில் இருநூறு வயிறும் குண்டுமணியாய்ப் புடைத்துவிட்டது. ஒதாகர் நாற்காலியில் பொத்தென்று சரிந்தார்.

"பொழச்சுதுங்க," என்றார் சுவரிடம். கெண்டையைக்கூட மன்னித்துவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மாடிப்படியில் போய் நின்றார்.

"ஹினெக் தீனிதான் ஒசத்தி! என் விட்டமின் எல்லாம் புருடா!"

மூன்று கதவுகள் திறந்தன.

"கடைசி வீட்டுக்குக் கேக்கலியாம்," என்றார் ஹினெக், கைப்பிடியில் சாய்ந்தபடி.

"இப்படிக் கொழுத்த தெள்ளை ஜென்மத்துல பாத்ததில்ல! போதுமாய்யா?" என்று கத்தினார் ஒதாகர்.

மாவு அப்பிய கையோடு, ஒரு நீல வாளியைத் தூக்கிக்கொண்டு ஹினெக்கின் மனைவி ரூஷேனா வெளியே வந்தாள்.

"ஏங்க ஒதாகர், எதுக்கு இப்படிக் கத்துறீங்க? மிச்சத்தையும் எடுத்துட்டுப் போங்க. கெண்டைய விடறதுக்கு முன்னாடி, நீங்க தூங்குறீங்கன்னு உங்க வீட்டம்மாதான் உங்க தெள்ளையெல்லாம் இதுல மொண்டுவந்து வச்சுட்டுப் போனாங்க."