மெக்கானிக் மாப்பிள்ளைக்கு நான் வாங்கிய ஏசி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. (இந்த வயதிலும் வரவில்லை.) அதனால்தான், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தங்கை மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நானே பாறசாலைக்குப் போய் ஏசி வாங்கினேன்.

தங்கை ஷீபா லீவுக்கு வந்தால் நெய்யாற்றின்கரையில் மாமியார் வீட்டில்தான் தங்குவாள். அங்கே ஏசி உண்டு, குழந்தைக்கு வேர்க்குரு வராது. வெள்ளறடையில் எங்கள் வீட்டுக்குக் காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவாள். "இந்தத் தடவையாவது பத்து நாள் எங்கூட இருக்கட்டு மக்கா" என்றாள் அம்மை. கண் கலங்கியிருந்தது. பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பிடித்தது சனி.

கடைக்காரர் நிதானமானவர். "ரூமு மாடியா, கீழயா?"

"மாடி. பதினஞ்சுக்குப் பன்னெண்டு."

"மேல வெயிலு நேரா விழுமே. ஒண்ணரை டன் வேணும். மூணு ஸ்டார் போதும்."

"ஒரு டன்னுல அஞ்சு ஸ்டார் உண்டா?"

"உண்டு. ஆனா ஸ்டாரு கறண்டு மிச்சத்துக்காக்கும் சாரே. ரூமு குளிரதுக்கு டன்னுதான் கணக்கு."

என்னிடமா? மூன்றைவிட ஐந்து பெரிது என்று தெரியாதவனா நான்? விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு செய்து, ஐந்து ஸ்டாரோடு வீடு வந்தேன்.

ஷீபா வந்த அன்று மத்தியானம், கல்ஃப்காரர்களைப் பார்க்கத் தெருவே மாடியறையில் கூடிவிட்டது. ரிமோட்டைப் பதினாறில் வைத்துவிட்டு, நடுவில் நின்று ஐந்து ஸ்டாரின் பெருமையை விளக்கினேன். ஒரு மணி நேரத்தில் அறை இட்லிக் கொப்பரை ஆனது. எல்லோரும் இறங்கிப் போனபிறகும் ஆறவில்லை. குழந்தையின் முதுகு சிவந்துவிட்டது.

"அண்ணா, நாங்க நெய்யாற்றின்கரைக்கே போறோமே" என்றாள் ஷீபா.

அம்மை என்னைப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, மூளை என்று ஒன்று எனக்கு எதற்கு என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். ஏசியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "அளியா," (மச்சானான என்னை அப்படித்தான் கூப்பிடுவார்) "இத ஆரு சொல்லி வாங்கினீங்க?"

"நானேதான்."

"அஞ்சு ஸ்டாரு கறண்ட கொறச்சுத் தின்னும், அவ்வளவுதான். இது சின்ன ரூமுக்குள்ளதாக்கும்."

பிறகு பேண்ட்டைக் கழற்றிவிட்டுக் கைலி கட்டினார். ரெண்டு வருஷம் ஏசியோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வெடுக்க வந்த மனிதர். யாரிடமோ டூல்ஸ் இரவல் வாங்கி, மறுநாள் முழுக்க ஏசியைக் கழற்றி, கீழே அம்மையின் சின்ன அறையில் மாட்டினார். நான் ஏணி பிடித்தேன். (அதையும் சரியாகப் பிடிக்கவில்லையாம்.) அறை சட்டென்று குளிர்ந்தது. பத்து நாளும் இருந்தார்கள். பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அம்மை போர்வையோடு தூங்கினாள்.

இப்போது ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி கட்டுமுன் மாப்பிள்ளை போன் செய்வார். "அளியா, புதுசா ஏதாவது வாங்கினீங்களா? டூல்ஸ் எடுக்கணுமாண்ணு கேட்டேன்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மை போனைப் பிடுங்கிவிடுவாள். "எடுத்திற்றே வாங்க மாப்பிள்ளை. இவன் இப்பம் வாஷிங் மெஷின் பாத்திற்று இருக்கான்."