பிரித்துப் போட்ட கோட்டு

"குப்பைப் பெட்டிக்குள்ளயா போட்ட?" என்றாள் மாலின்.

"குப்பைப் பெட்டி இல்ல. பழந்துணிப் பெட்டி," என்றான் அவள் கணவன் டோர்கெல். ஸ்வீடனின் போரோஸ் ஊர்க்காரன்; குப்பையைக் காகிதம், கண்ணாடி, துணி என்று பிரித்துப் போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "நாற்காலியில கந்தல் கிடந்துச்சு. கொண்டுபோய்ப் போட்டேன்."

அந்தக் கந்தல் மாலினின் ஒரு குளிர்கால உழைப்பு. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய துணிகளை வெட்டி இணைத்துத் தைத்த கோட்டு. அதைப் பார்க்கத்தான் நகராட்சிப் போட்டியின் நடுவர் இன்னும் சற்று நேரத்தில் வருகிறார். ஜெயித்தால் பழைய நெசவாலையில் ஒரு வருடம் இலவச இடம். தோற்றால் மறுபடியும் சமையலறை மேஜையில், காபிக் கோப்பைகளுக்கு நடுவில் தையல்.

"எது குப்பை, எது துணின்னு பார்த்தா தெரியாதா? கண்ணு எதுக்கு இருக்கு உனக்கு?"

"பார்த்தேன். அதனாலதான் போட்டேன்."

குடியிருப்பு முற்றத்தில் இருந்த அந்த இரும்புப் பெட்டி துணியை விழுங்குமே தவிரத் திருப்பித் தராது. மாலின் கையை விட்டுத் துழாவினாள். யாருடைய காலுறையோ வந்தது. டோர்கெல் ஓடிப்போய்த் தன் மீன் தூண்டிலைக் கொண்டுவந்தான். முள்ளில் கோட்டு மாட்டியது. சுண்டி இழுத்தான். தோள்பட்டைத் தையல் பர்ரென்று பிரியும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

"நிறுத்து. நீ உதவி பண்ணினது போதும்."

நிறுத்தியிருந்தால் தேவலை. முள்ளை விடுவிக்கிறேன் பேர்வழி என்று கையை உள்ளே விட்டான். தோள் வரை போன கை திரும்பி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நடுவர் ஹெடின் அம்மையார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்ற டோர்கெலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுவும் போட்டியில சேர்த்தியா?"

"இல்லைங்க, இது என் வீட்டுக்காரர்." எரிச்சலில் மாலினுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டிச் சாவி குடியிருப்புச் சங்கத் தலைவி சிக்பிரிட்டிடம் இருந்தது. குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் யாரோ துணி திருடுகிறார்கள் என்று குளிர்காலம் முழுக்கப் புலம்பி எல்லோர் உயிரையும் எடுத்தவள். அவள் வாயில் விழ வேண்டாம் என்றுதான் இத்தனை பாடும். இனி வேறு வழியில்லை, கூப்பிட்டார்கள்.

சிக்பிரிட் வந்து திறந்தாள். டோர்கெலின் கை வந்தது, கோட்டும் வந்தது. ஒரு தோள் தொங்கினாலும் வெயிலில் அழகாகத்தான் இருந்தது. ஹெடின் தடவிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. தையலை நீங்க திரும்பப் போட்டுக்கலாம். எல்லாமே மத்தவங்க வேண்டாம்னு விட்டதுதானே? எங்க நிபந்தனை அது ஒண்ணுதான்."

"எல்லாமே," என்றாள் மாலின். அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. "எங்க சலவை அறையில, வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும்னு ஒரு கூடை வச்சிருக்காங்க, ஜன்னலோரமா. வாரா வாரம் அதுலேர்ந்து எடுத்ததுதான்."

சிக்பிரிட் கோட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் கூடை கதவோரமா இருக்கு மாலின். ஜன்னலோரம் இருக்கிறது என்னோட சலவைக் கூடை. இந்த முதுகு எங்க வீட்டுக்காரரோட பைஜாமா."