மாமியாரும் பெப்டைடும்

திரை கன்னங்கரேலென்று இருந்தது. ஆராய்ச்சியாளர் மைக்ரோஸ்கோப்பைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் சரியாகிவிட அது என்ன பழைய ரேடியோவா?

விஷயம் இதுதான். ஒளிரும் புரதம் ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் செல்லுக்குள் வைத்திருப்பார்கள். மறு பாதியை இவர் உருவாக்கிய பெப்டைட் என்ற குட்டிப் புரதத் துணுக்கு சுமந்துகொண்டு போகும். உயிருள்ள செல்லுக்குள் அது நுழைந்துவிட்டால் இரு பாதியும் சேர்ந்து பச்சையாக மின்னும். மின்னாவிட்டால் பெப்டைட் இன்னும் வாசலிலேயே நிற்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் இயக்குநர் வந்து பார்ப்பார். பச்சை தெரியாவிட்டால் இவருக்கு வேலை போய்விடும்.

செல்களை வளர்த்துக் கொடுப்பவள் அதே அறையில் இருக்கும் அவருடைய மனைவி. போன வாரத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த மாமியார் மணியடித்து மணியடித்துக் கை ஓய்ந்து, மழையில் வாசலிலேயே நின்றிருக்கிறார். மாப்பிள்ளை உள்ளே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் செல்லு கதவையே திறக்க மாட்டேங்குது," என்றார் இப்போது.

மனைவி ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசினாள். "கதவு திறக்கறதைப் பத்தி யாரு பேசறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?"

பெப்டைடை இரண்டு மடங்கு ஊற்றினார். இருட்டு. பத்து மடங்கு ஊற்றினார். அப்போதும் இருட்டு. சாதா வெளிச்சத்தில் பார்த்தால் பாதி செல்கள் செத்து மிதந்தன.

"கொன்னுட்டாரு பாரு," என்றாள் ஃப்ரிட்ஜிடம்.

வராந்தாவில் இயக்குநரின் குரல் கேட்டது. ஆராய்ச்சியாளர் மைக்ரோஸ்கோப்பிலிருந்த கேமராவின் வெளிச்ச அளவைக் கூட்டினார். போதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கூட்டினார். திரை பச்சைப்பசேலென்று ஆனது. உயிருள்ள செல், செத்த செல், தட்டிலிருந்த அவருடைய கைரேகை, எல்லாமே பச்சை.

"அடேயப்பா, ஒண்ணு விடாம நுழைஞ்சிருக்கே," என்றார் இயக்குநர்.

"கொஞ்சம் வேகமான பெப்டைட் சார்."

"உங்க வேலைக்கு நான் பொறுப்பு. நாளைக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். அவங்க எதிர்ல இதையே செஞ்சு காட்டிடுங்க."

அவர் போனதும் ஆராய்ச்சியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் மனசும் இளகிவிட்டது. அவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான். அத்தைகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

மனைவி முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல செல்லா குடுத்திருப்பேனே. நான் கோவத்துல அந்தப் புரதப் பாதியே இல்லாத சாதா செல்லையில்ல குடுத்துட்டு இருந்தேன்... ஆமா, அப்ப அங்க மின்னினது என்ன?"