லாக்-அவுட் ஆகாத உபாசனி காகா

தான் கண்ணசந்தால் அலுவலகமே கண்ணை மூடிவிடும் என்று நம்பும் ஓர் இனம் உண்டு. வங்கியிலும் பள்ளியிலும் பஞ்சாயத்திலும் இதைக் காணலாம் என்றாலும், நன்கு கொழுத்த வகை சர்வர் அறையில்தான் வளர்கிறது. குளிர்சாதனம் அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது போலும்.

நிபாட் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்த்த திகம்பர் உபாசனி, எல்லாருக்கும் காகா (மராத்தியில் சித்தப்பா), இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. மழை வரப்போகிறது என்று தெரிந்தால் விவசாயிகளின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் நிரல் அவர் பொறுப்பு. கிஸ்மிஸுக்காக உலரப்போட்ட பழம் நனைந்தால் அந்த வருட உழைப்பு கறுத்துப்போகும். செய்தி முன்னால் வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம்.

சர்வரில் ரூட் என்றொரு கணக்கு உண்டு. அதற்குத் தடையே கிடையாது. எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அதனாலேயே விவரமுள்ளவர்கள் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைச் சாதாரணக் கணக்கில், தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்து ஓட்டுவார்கள். காகா எல்லாவற்றையும் ரூட்டாகவே ஓட்டினார். மணி காட்டும் நிரல்கூட, நினைத்தால் மொத்த சர்வரையும் துடைத்துப்போடும் அதிகாரத்தோடுதான் மணி காட்டியது. 'உனக்கு அனுமதி இல்லை' என்று ஓர் இயந்திரம் அவரிடம் சொல்வதா? அவருடைய மாமனாரே சொன்னதில்லை.

புதிய பிரிவுத் தலைவியாக ம்ருணாள் பெண்டார்கர் வந்தார். வந்ததும் காகாவிடமிருந்து ரூட்டைப் பிடுங்கினார்.

"மழைச் செய்தி அனுப்ப எதுக்கு காகா ரூட்? உங்க சொந்தக் கணக்குலயே ஓட்டுங்க."

"தாயி, நான் இதை ரூட்டா ஓட்டிக்கிட்டிருந்தப்ப நீங்க காலேஜ்ல இருந்திருப்பீங்க."

"ஆமா. அங்கதான் இப்படி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்க."

காகா பல்லைக் கடித்துக்கொண்டு சர்வீஸைத் தம் கணக்குக்கு மாற்றினார். தானாகவே எழுந்து ஓடும்படி ஏற்பாடு செய்தார். ஓடியது. லாக்-அவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று மாலை மழை வந்தது. செய்தி வரவில்லை.

மறுநாள் பாவுசாகேப் போரஸ்தே என்ற விவசாயி ஈரத் திராட்சையை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"என்ன சாகேப், மழை உங்ககிட்ட சொல்லாம வந்துடுச்சா?"

காகா லாகின் செய்து திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"இப்ப ஓடுது. நேத்து எங்க போய்ப் படுத்துக்கிச்சு?"

நியாயமான கேள்வி. ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்ட சர்வீஸ், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அந்தக் கணக்குக்காரர் உள்ளே நுழைந்ததும் எழும். அவர் வெளியேறியதும் படுத்துவிடும். காகா சோதித்துப் பார்க்க நுழைந்த ஒவ்வொரு முறையும், அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்ட குமாஸ்தாவைப்போல அது சுறுசுறுப்பாக எழுந்து உட்கார்ந்தது. இரண்டு மூன்று முறை நுழைந்து வெளியேறிப் பார்த்ததில் காகாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். காகாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தாம் இல்லாவிட்டால் ஓடாது என்று இத்தனை காலம் சொல்லிவந்ததை இயந்திரமே ஒப்புக்கொண்டுவிட்டதே.

ம்ருணாளிடம் வாய் திறப்பாரா? மாட்டார். லாக்-அவுட் செய்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். சர்வரில் நுழைந்தபடியே திறந்திருந்த லேப்டாப் அவரோடு மிசல் சாப்பிடக் கடைக்குப் போனது, முடி வெட்டப் போனது, தங்கை மகன் நிச்சயதார்த்தத்தில் மஞ்சள் குங்குமத் தட்டுகளுக்கு நடுவில் அமர்ந்து ஆசி வாங்கியது.

அந்த மண்டபத்தில்தான் இணைப்பு அறுந்தது. அதே நேரத்தில் போரஸ்தேயின் அழைப்பு.

"சாகேப், வானம் கறுத்துக்கிட்டு வருது. செய்தி ஒண்ணும் காணோமே. மூடவா, வேணாமா?"

காகா லேப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நாற்காலிமேல் ஏறினார். சிக்னல் இல்லை. மேடைமேல் ஏறினார். சம்பந்தி நகர்ந்து இடம்விட்டார், சிக்னல் விடவில்லை. கடைசியில், கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு ம்ருணாளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அட, இதுக்கா காகா? ஆள் வெளியே போனாலும் அவரு சர்வீஸ் நிக்காம ஓடட்டும்னு உங்க கணக்குக்கு ஒரு வரி போட்டா போதும். இருங்க... போட்டாச்சு. ஓடுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

காகா பந்தியில் உட்கார்ந்தார். தயிரில் செய்த இனிப்பான ஸ்ரீகண்ட் பரிமாறும்போது போரஸ்தே மறுபடி அழைத்தார்.

"செய்தி வந்துச்சு, மூடிட்டோம், இப்ப இங்க கொட்டு கொட்டுனு கொட்டுது. ஒரு பழம் நனையல. நீங்க விருந்துல இருக்கும்போதே கரெக்டா வந்துச்சு பாருங்க. இனிமே நீங்க எங்க வேணாலும் போகலாம் சாகேப், கவலையே இல்ல."

காகா ஒரு வாய் ஸ்ரீகண்ட் எடுத்துப் போட்டுக்கொண்டார். புளித்துவிட்டது என்று பரிமாறியவரிடம் சண்டைக்குப் போனார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன விடுமுறையில், யாரும் கூப்பிடாமலே நீங்களாக அலுவலகத்துக்குப் போன் போட்டு, "எல்லாம் சரியா நடக்குதா?" என்று கேட்டீர்கள். "பிரமாதமா நடக்குது சார்" என்று பதில் வந்தது. அப்போது உங்கள் முகம் போன போக்கை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். மரியாதைக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறார்கள்.